கணினியில் இருக்கும் வரைபடத்தை ஊரே கேட்டுப் பார்க்கும்படி இணையத்தில் வைப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் தேநீரோடு உட்கார்ந்து, மடிக்கணினியில் பழைய இடப்பெயர்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். “சுண்ணாம்புக் கம்பம் இருக்கா தம்பி?” என்றார். இருந்தது. பெரிதாக்கிக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. “இதை என் பேத்தி போன்ல பார்க்க முடியுமா?” என்று அடுத்துக் கேட்டார். முடியாது. அந்த வரைபடம் என் கணினிக்குள் மட்டுமே இருந்தது.

சிராங்கூன் சாலை வட்டாரத்தை ஒரு காலத்தில் நம்மவர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள். அங்கே சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. கிராஸ் ஸ்திரீட் அவர்களுக்குப் பால்கடை சடக்கு. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள். இன்றைய அதிகாரபூர்வ வரைபடத்தில் இந்தப் பெயர்களைத் தட்டினால் எதுவும் வராது. தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால் யாரும் தமிழில் தட்டிக் கேட்கும் வரைபடமாக அதை மாற்றினேன். நான் செய்ததை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன். கோயில், உணவகம், மரம், பேருந்து நிறுத்தம் என்று உங்கள் பொருள் எதுவானாலும் வழி ஒன்றுதான்.

நான் பயன்படுத்துவது கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய இலவச, திறமூல வரைபட மென்பொருள். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் தரவைப் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

முதலில் கேள்விகளை எழுதுங்கள்

மென்பொருளைத் திறக்குமுன் ஒரு தாளை எடுத்து, மக்கள் என்ன கேட்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் மூன்று கேள்விகள் இருந்தன. இந்தப் பெயர் எந்த இடம்? நான் நிற்கும் இடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் என்னென்ன இருக்கின்றன? இந்த அஞ்சல் குறியீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருந்தது? அவ்வளவுதான். பிறகு செய்யும் ஒவ்வொரு வேலையையும் இந்த மூன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கேள்வி தெளிவாக இல்லாமல் தொடங்கினால் அழகான படம் ஒன்று கிடைக்கும், ஆனால் யாருக்கும் பதில் கிடைக்காது.

இரண்டு வழிகள்

சில நூறு புள்ளிகள்தான் இருக்கின்றன, மாதம் ஒருமுறைதான் மாறும் என்றால் சர்வரே வேண்டாம். கியூஜிஐஎஸ்2வெப் என்ற செருகுநிரலை நிறுவி, அடுக்குகளை (லேயர்களை) தேர்ந்தெடுத்து, இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். ஒரு கோப்புறை கிடைக்கும். அதை எந்த இலவச இணைய இடத்திலும் போட்டுவிடலாம். ஓர் அடுக்கின் ஒரு புலத்தில், அதாவது அதன் அட்டவணையின் ஒரு நெடுவரிசையில், தேடும் வசதியும் அதில் உண்டு.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த வழியில் உங்கள் தரவு முழுவதும் பார்ப்பவரின் உலாவிக்குள் இறங்கிவிடும். திரையில் காட்டாமல் மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. கோப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எல்லாவற்றையும் படிப்பார். வெளியே தெரியக் கூடாத புலங்களை ஏற்றுமதிக்கு முன்பே நீக்கிவிடுங்கள்.

தரவு வளர்ந்துகொண்டே இருக்கும், பலர் திருத்துவார்கள், ‘எனக்குப் பக்கத்தில் என்ன’ போன்ற கேள்விகள் வேண்டும் என்றால் இரண்டாவது வழிதான்: தரவுத்தளம், அதன் முன்னே ஒரு சர்வர், அதன் முன்னே ஓர் இணையப் பக்கம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

தரவைச் சுத்தம் செய்தல்

முக்கால்வாசி வேலை இங்கேதான். இங்கே அவசரப்பட்டால் பிறகு எங்கே பிழை என்று தேடியே நாள் போகும்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவத்தை விட்டுவிடுங்கள். அதில் ஒரு புலத்தின் பெயருக்கு 10 பைட்டுகள்தான். யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டுகள். மூன்று குறிகளோடு புலத்தின் பெயர் அறுந்துவிடும். உள்ளே எழுதும் உரைக்கும் 254 பைட்டுகள்தான் எல்லை, அதாவது 84 குறிகள். ‘தேக்கா’ என்று எழுதினாலே, கொம்பும் புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகளாகி, 6 குறிகள், 18 பைட்டுகள். ஓர் இடத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினால் நடுவில் வெட்டிவிடும். ஜியோபேக்கேஜுக்கு மாறுங்கள். ஒரே கோப்பு, இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

அடுத்து அஞ்சல் குறியீடு. சிங்கப்பூரில் அது ஆறு இலக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, ஆகவே இடம் கண்டுபிடிக்க அருமையான பிடி. ஆனால் நகர மையத்தின் குறியீடுகள் சுழியத்தில் தொடங்கும். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு 058793. அட்டவணை மென்பொருளில் திறந்து சேமித்தால் அது எண்ணாகி 58793 என்று நின்றுவிடும். அஞ்சல் குறியீட்டை எப்போதும் உரைப் புலமாகவே வையுங்கள்.

அப்புறம் எழுத்து. ‘பொத்தோங் பாசிர்’ என்று எழுதுங்கள். கண்ணுக்கு ஒரே சொல். கணினிக்கு இரண்டாக இருக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். ஓகாரத்துக்கும் அப்படியே. ஒருவர் ஒரு விசைப்பலகையில் உள்ளிட்டதை இன்னொருவர் வேறொரு கருவியிலிருந்து தேடினால் ‘இல்லை’ என்று பதில் வரும். பார்க்க எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே இருக்கும், அதனால் எங்கே தவறு என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டிவரும். தீர்வு எளிது. யூனிகோடு இயல்பாக்கத்தின் ‘சி’ வடிவத்துக்கு எல்லா உரையையும் மாற்றுங்கள். பிறகு நாம் நிறுவப்போகும் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல்-இல் 13-ஆம் பதிப்பிலிருந்து இதற்கான செயல்கூறு (ஃபங்ஷன்) உள்ளேயே இருக்கிறது. உலாவியிலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. சேமிக்கும்போது ஒருமுறை, தேடும்போது ஒருமுறை, இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

இதனாலும் தீராத ஒன்று உண்டு. ‘ஹௌகாங்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் சேர்த்து எழுதுபவர்கள் நிறைய. அது வேறு எழுத்து, இயல்பாக்கம் அதைத் தொடாது. கண்டுபிடித்து நாமே திருத்த வேண்டும்.

ஆயங்கள்

ஆயங்கள் என்பவை ஓர் இடத்தைக் குறிக்கும் எண்கள். சிங்கப்பூரின் நில அளவை எஸ்விஒய்21 என்ற ஆய முறையில் இருக்கிறது. ஒவ்வோர் ஆய முறைக்கும் ஈபிஎஸ்ஜி என்ற அடையாள எண் உண்டு, இதற்கு அது 3414. அலகு மீட்டர். கைப்பேசி தருவது டபிள்யூஜிஎஸ்84, எண் 4326, அலகு பாகை. பின்னணி வரைபட ஓடுகள் பெரும்பாலும் 3857. இந்த மூன்று எண்களையும் மேசைக்கு முன்னால் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அடுக்கின் ஆய முறையை ‘அமைப்பது’ வேறு, ‘மாற்றுவது’ வேறு. அமைத்தல் என்பது பெயர்ச்சீட்டு ஒட்டுவது. எண்கள் அப்படியே இருக்கும். மாற்றுதல், அதாவது ரீப்ராஜெக்ட், எண்களையே புதிதாகக் கணக்கிடும். பாகையில் இருக்கும் தரவுக்கு 3414 என்று சீட்டு ஒட்டினால் எல்லாப் புள்ளிகளும் ஆய முறையின் தொடக்க மூலையில், தீவுக்குத் தென்மேற்கே குவிந்துகிடக்கும். அதைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

உடனே தெரியாத பிழை ஒன்று உண்டு. தேக்காவின் எஸ்விஒய்21 ஆயங்கள் ஏறக்குறைய கிழக்கே 29,900, வடக்கே 32,000. இரண்டையும் இடம் மாற்றி உள்ளிட்டால் புள்ளி சிங்கப்பூருக்குள்ளேயே, மரினா ஈஸ்ட் பக்கம் போய் விழும். வேற்று நாட்டில் விழுந்தால் கண்ணில் படும், இது படாது. என் முதல் தொகுதியில் ஒரு கோப்பு முழுவதும் இப்படித்தான் இருந்தது. தெரிந்த ஐந்து இடங்களை எடுத்து, சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் தளத்தில் தேடி ஒப்பிடுங்கள். அதன் தேடல் சேவை ஓர் அஞ்சல் குறியீட்டுக்கு எஸ்விஒய்21 ஆயங்களையும் அகலாங்கு நெட்டாங்கையும் சேர்த்தே தரும்.

இதோடு இன்னொன்று: இடங்களை இணையத்தில் அனுப்பும் வடிவமான ஜியோஜேசன் கோப்பில் நெட்டாங்கு முதலில் வரும், லீஃப்லெட்டில் அகலாங்கு முதலில் வரும். பக்கத்தைக் கட்டும்போது இது நினைவில் இருக்கட்டும்.

தரவுத்தளத்துக்கு ஏற்றுதல்

வாடகைச் சர்வர் ஒன்றில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் நிறுவி, அதற்கு இடங்களைக் கையாளக் கற்றுக்கொடுக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியைச் சேர்த்துவிடுங்கள். சிறிய சர்வரே போதும். தரவுத்தளத்தின் 5432 வாயிலை வெளியுலகுக்குத் திறக்கவே கூடாது. உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் சுரங்கம் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பு வழியாக இணையுங்கள். கியூஜிஐஎஸ்-இல் அந்த இணைப்பைப் பதிந்துவிட்டால், டிபி மேனேஜர் வழியாக ஜியோபேக்கேஜ் அடுக்கை உள்ளே ஏற்றலாம். ஆய முறை 3414, இடங்களை விரைவாகத் தேட உதவும் இடக் குறியட்டவணை (ஸ்பேஷியல் இண்டெக்ஸ்) கட்டாயம்.

இனிமேல் திருத்தம் எல்லாம் தரவுத்தளத்தில்தான். கியூஜிஐஎஸ்-இல் ஒரு புள்ளியை நகர்த்திச் சேமித்தால், அடுத்த நொடி இணையத்தில் கேட்பவருக்குப் புதிய இடம் தெரியும். பழைய கோப்பை வைத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் திருத்தினால் எது சரி என்று பிறகு யாருக்கும் தெரியாது.

அட்டவணையை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் இடங்கள். மற்றொன்றில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி, அது எந்த இடத்துடையது என்ற எண்ணோடு. சிராங்கூன், செராங்கூன், சுண்ணாம்புக் கம்பம், சுண்ணாம்பு கம்பம் எல்லாம் தனித்தனி வரிகள். மெய் மிகுதலைத் தேடுகிறவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. எந்தத் தேடல் நுட்பத்தைவிடவும் இந்தப் பெயர் அட்டவணைதான் எனக்கு அதிகம் கைகொடுத்தது. பெயரைச் சேர்க்க நிரலாளர் வேண்டாம், யாரும் ஒரு வரி சேர்க்கலாம்.

அடுத்தது வாசல். பொதுமக்களின் கேள்வி உங்கள் அசல் அட்டவணையைத் தொடக் கூடாது. வெளியே காட்டலாம் என்று தீர்மானித்த புலங்களை மட்டும் கொண்ட ஒரு பார்வையை, அதாவது வியூவை, உருவாக்குங்கள். என் அசல் அட்டவணையில் தகவல் சொன்ன பெரியவர்களின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. நம்பிக் கொடுத்தவை அவை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, வெளியே போகக் கூடாது. பிறகு ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்கி, அந்தப் பார்வையைப் படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். எழுதும் அனுமதி, அழிக்கும் அனுமதி எதுவும் வேண்டாம். அதே கணக்குக்கு ஒரு கேள்வி 5 வினாடிக்கு மேல் ஓடினால் நிறுத்தும்படி கால வரம்பும் வைத்துவிடுங்கள். இணையத்தின் பக்கமிருந்து வருவது எல்லாம் இந்தக் கணக்கு வழியாகவே வர வேண்டும்.

வரைபடத்தைக் கொடுக்கும் சர்வர்

கியூஜிஐஎஸ் சர்வர் கணினியில் நீங்கள் பார்க்கும் அதே ப்ராஜெக்ட் கோப்பைப் படிக்கும், அதே இயந்திரத்தால் வரையும். நீங்கள் கொடுத்த நிறமும் குறியும் அப்படியே இணையத்தில் வரும். அப்பாச்சி அல்லது எஞ்சின்எக்ஸுக்குப் பின்னால் அதை ஓடவிடலாம்.

ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் கியூஜிஐஎஸ் சர்வர் என்ற பக்கத்தைத் திறந்து, வெளியிடும் எல்லை, அனுமதிக்கும் ஆய முறைகள், வெளியிடக் கூடாத அடுக்குகள் ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள். படமாக இல்லாமல் தரவாகவே கொடுக்கும் டபிள்யூஎஃப்எஸ் பகுதியில் ஒவ்வோர் அடுக்குக்கும் மாற்றவும் சேர்க்கவும் நீக்கவும் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மூன்றும் காலியாகவே இருக்கட்டும். கோப்புப் பாதைகள், ப்ராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லும் சார்புப் பாதைகளாக இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் எல்லாம் சரியாக அமைந்தது, வரைபடம் வந்தது, ஆனால் பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். வாடகைச் சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. படம் வரையப்படுவது சர்வரில். அங்கே எழுத்துரு இல்லையென்றால் உங்கள் கணினியில் எத்தனை எழுத்துரு இருந்தும் பயனில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சர்வரில் நிறுவி, கணினியிலும் அதையே தேர்ந்தெடுத்து, சர்வரை மறுதொடக்கம் செய்தேன். ‘பால்கடை சடக்கு’ என்று கிராஸ் ஸ்திரீட்டின் மேல் எழுத்து தெளிவாக வந்து நின்றதைப் பார்த்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு சிறிய அமைப்பு. புள்ளியைத் தொட்டு விவரம் கேட்கும்போது, விரல் சரியாகப் புள்ளியின் மேல் படாது. கேள்வியோடு புள்ளிக்கான சகிப்பு எல்லையைச் சேர்த்து அனுப்பும் வசதி இதில் உண்டு. கைப்பேசிக்குத் தாராளமாகவே வையுங்கள்.

கேள்விக்குப் பதில் சொல்லும் பகுதி

படம் கொடுப்பது ஒரு வேலை, கேள்விக்குப் பதில் சொல்வது வேறு வேலை. இரண்டாவதற்கு நான் பிஜி-ஃபீச்சர்செர்வ் என்ற சிறு நிரலை வைத்திருக்கிறேன். தரவுத்தளத்தில் ‘போஸ்ட்ஜிஸ்எஃப்டிடபிள்யூ’ என்ற ஸ்கீமாவில், அதாவது உட்பிரிவில், நீங்கள் எழுதும் செயல்கூறுகளை அது அப்படியே இணைய முகவரிகளாகத் திறந்துவிடும், பதிலை ஜியோஜேசனாகத் தரும். தாளில் எழுதிய மூன்று கேள்விகளுக்கும் இரண்டு செயல்கூறுகளே போதும். அந்தச் செயல்கூறுகளையும் அந்தக் கணக்கு படிக்கக்கூடிய பார்வையையும் தவிர வேறு எதையும் கேட்க முடியாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

பெயர்த் தேடல்: வந்த சொல்லை இயல்பாக்கி, ஓரங்களில் இருக்கும் இடைவெளியை வெட்டி, பெயர் அட்டவணையில் தொடக்கம் பொருந்துகிறதா என்று பார்த்து, இடத்தைத் திருப்பித் தரும். வந்த சொல்லை, தரவுத்தளத்தைக் கேட்கும் மொழியான எஸ்கியூஎல் வரியோடு ஒட்டி ஓடவிடாதீர்கள். கட்டளையோடு சேராத தனி மதிப்பாக, அதாவது அளவுருவாகத்தான் உள்ளே போக வேண்டும். இல்லாவிட்டால் விஷமம் செய்ய நினைப்பவருக்கு நீங்களே கதவைத் திறந்துவிட்டதாகும்.

அருகில் என்ன: கைப்பேசி தரும் நெட்டாங்கையும் அகலாங்கையும் ஒரு புள்ளியாக்கி, அந்த ஒரே புள்ளியை 3414-க்கு மாற்றுங்கள். பிறகு 500 மீட்டருக்குள் இருப்பவற்றைக் கேளுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அட்டவணையில் இருக்கும் எல்லா இடங்களையும் 4326-க்கு மாற்றிவிட்டுத் தூரம் பார்க்கிறார்கள். குறியட்டவணை வீணாகும், தூரமும் பாகையில் வரும். விடை வெளியே போகும்போது மட்டும் 4326-க்கு மாற்றினால் போதும். தூரத்தின்படி வரிசைப்படுத்தி, 50 விடைகளோடு நிறுத்துங்கள்.

அஞ்சல் குறியீடு: ஆறு இலக்கமா என்று முதலில் சரிபார்த்து, ஒன்மேப் தேடலில் ஆயத்தை வாங்கி, மேலே சொன்ன இரண்டாவது செயல்கூறுக்கே அனுப்புங்கள். புதிதாக எழுத ஒன்றுமில்லை.

இணையப் பக்கம்

லீஃப்லெட் நூலகம், ஒன்மேப் பின்னணி ஓடுகள், மேலே ஒரு தேடல் பெட்டி. ஒன்மேப் ஓடுகளைப் பயன்படுத்தும்போது சிங்கப்பூர் நில ஆணையத்தின் பெயரும் சின்னமும் மூலையில் தெரிய வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலிருந்து எடுத்த அடுக்குகளுக்கும் நன்றிக் குறிப்பு போடுங்கள்.

பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் உலாவி கைப்பேசியின் இருப்பிடத்தைத் தரவே தராது. பக்கம் ஒரு முகவரியிலும் தரவு வேறொரு முகவரியிலும் இருந்தால், தரவுச் சர்வரில் உங்கள் பக்கத்தின் முகவரிக்கு அனுமதி எழுத வேண்டும். தேடினால் எதுவும் வராமல் பக்கம் அமைதியாக இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். உலாவியின் கன்சோலைத் திறந்தால் சிவப்பில் எழுதியிருக்கும்.

எழுத்தைப் பெரிதாக வையுங்கள். தேடல் பெட்டிக்குள் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று ஓர் எடுத்துக்காட்டை மங்கலாக எழுதிவையுங்கள். தமிழில் தட்டலாம் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களும் உண்டு, அவர்களுக்காகப் பெயர் அட்டவணையில் ஆங்கில வடிவத்தையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன்.

பார்த்துக்கொள்ளுதல்

தரவுத்தளத்தை இரவுதோறும் நகலெடுக்க ஓர் ஏற்பாடு, அந்த நகல் வேறொரு இடத்துக்குப் போக ஓர் ஏற்பாடு. மாதம் ஒருமுறையாவது அந்த நகலைத் திறந்து பாருங்கள். ப்ராஜெக்ட் கோப்பில் நிறத்தையோ குறியையோ மாற்றினால், புதிய கோப்பைச் சர்வருக்கு அனுப்ப வேண்டும். தரவு தானாகப் போகும், தோற்றம் போகாது.

கடைசியாக, விடை கிடைக்காத சொற்களுக்கு ஒரு தனி அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். சொல் மட்டும், தேதி மட்டும். யார் கேட்டார், எங்கிருந்து கேட்டார் என்பது நமக்கு வேண்டாம். செயல்கூறைத் திறந்துவைக்கும் கணக்குக்கு எழுதும் அனுமதி இல்லாததால், இணையச் சர்வரின் பதிவேட்டிலிருந்து இதை நான் தனியாக எடுத்துக்கொள்கிறேன். ஞாயிறு காலை அதைத் திறந்து உட்காருவேன். பாதி எழுத்துப் பிழைகள். அவை பெயர் அட்டவணைக்குப் போகும். மீதியில் சில, நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள்.

பெரியவரின் பேத்திக்கு இணைப்பை அனுப்பிய அன்று அந்தப் பட்டியலில் ‘சுன்னாம்பு கம்பம்’ என்று ஒரு வரி இருந்தது, றன்னகரத்தில். அன்றே சேர்த்துவிட்டேன்.